மாதாவின் முகம் எந்தப் பக்கம்

பல்லாரோ, பலேர்மோ
08.06.2025

கொட்வின் அண்ணைக்கு,

நானும் நீங்களும் இனிக் கோவில் வளவுக்குள் வாய் திறந்து கதைக்கக் கூடாதாம். என்ன இருந்தாலும் எழுதித்தான் கொடுக்க வேண்டுமாம். பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். போன ஞாயிறு விறாந்தையில் நாங்கள் போட்ட சத்தத்துக்கு மேல்மாடி இத்தாலியர் பொலிசுக்குத் தொலைபேசி அடிக்கப் பார்த்தார்களாம். எனக்கு இது சந்தோசம். வாயால் சொன்னால் நீங்கள் பாதியில் எழும்பிப் போய்விடுவீர்கள். கடதாசியிடம் அந்தச் சேட்டை சரிவராது. றம்யா ரீச்சர் இதைப் பூசை முடியக் கொண்டுவந்து தருவா. பதிலையும் அவவிடமே கொடுங்கள்.

விசயம் இதுதான். ஓகஸ்ட் பதினைந்து மாதா பெருநாளுக்கு, சுருவம் ஏற்றின றெயிலரை வானில் பூட்டி என் மகன் கிரிசாந்தான் இழுக்க வேண்டும்.

போன வருடம் உங்கள் சியாகுல்லிக் கொட்டிலிலிருந்து ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்கு அவன் மாதாவின் சுருவத்தைக் கொண்டுபோகும்போது, பெருந்தெரு இறக்கத்தில் றெயிலர் வாலை ஆட்டி, கரைத் தகரத்தில் அடிபட்டு, மாதாவின் வலது கை முறிந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்த இடத்திலேயே, பின்னால் வந்த அவ்வளவு சனத்துக்கும் முன்னால், "பெடியனுக்குக் கால் பாரம், பறந்து போனவன்" என்று சொன்னது நீங்கள். அன்றிலிருந்து என் பிள்ளைக்குப் பெயர் கைமுறிச்சான். சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகின்றன. அவன் கோவில் பக்கம் வராமல் விட்டுப் பத்து மாதம். இப்போது இந்த நாட்டை விட்டே, டோட்மூண்டில் வேலை எடுத்துவிட்டான். பெருநாளுக்கு முதல் போகிறானாம். அவனைப் பிடித்து வைக்க எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. அதே றெயிலரை, அதே தெருவால், அதே சனம் பார்க்க அவன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கனடாவில் என் தங்கையின் புருசன் விமலராஜ் பெரிய கரவன் வீட்டு வண்டி இழுக்கிறவர். எங்கள் படங்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, வானிலை றெயிலரைப் பூட்டுற உங்கடை கொழுக்கி வெறும் இரும்புப் பந்துதான். இவ்வளவு பாரத்துக்கு அது காணாது. பாரம் பிரிக்கிற கொழுக்கி எண்டு ஒண்டு இருக்கு. ரெண்டு பக்கமும் உருக்குக் கம்பி வளைஞ்சு இறுக்கி, வானின்ரை பின்பக்கத்திலை விழுகிற பாரத்தை முன் சில்லுக்கும் றெயிலர் சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கும். அது இருந்திருந்தால் உங்கடை பெடியன் தப்பியிருப்பான்."

அந்தக் கொழுக்கியைப் பூட்டக் குழு சம்மதம் தர வேண்டும். நீங்கள் குழுத் தலைவர். அவனுடைய ஞானத்தகப்பனும் நீங்கள்தான் என்பதை மறந்திருப்பீர்கள், அதனால் ஞாபகப்படுத்துகிறேன்.

புனிதமலர்


சியாகுல்லி
15.06.2025

திருமதி புனிதமலர் கிறிகோரி அவர்களுக்கு,

தங்கள் 08.06 திகதிக் கடிதம் கிடைத்தது. பெருநாள் குழுவின் சார்பில் இத்தால் அறியத்தருவது என்னவென்றால், தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

தங்கள் மைத்துனர் கனடாவில் பெரிய ஆளாக இருக்கலாம். இது சிசிலி. அங்கே றெயிலருக்குக் கரண்டில் பிறேக். எங்களுடையது அப்படியில்லை. வான் பிறேக் அடிக்கும்போது றெயிலர் முன்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளலில் முன்னால் நீட்டி நிற்கிற அதன் நாக்கு உள்ளே போய்க் கம்பியை இழுத்து, அதன் பிறகுதான் றெயிலரின் பிறேக் பிடிக்கும். நாக்கு இலேசாகப் போய்வர வேண்டும். நீங்கள் சொல்கிற உருக்குக் கம்பிகளை இரண்டு பக்கமும் இறுக்கினால் நாக்கு சிக்கிக்கொள்ளும். பிறகு இறக்கத்தில் யார் பிறேக் பிடிப்பது? அதைவிட, வண்டிப் பதிவு லிப்ரெத்தோவில் பதியாத சாமான் ஒன்றைக் கொழுக்கியில் பூட்டிக்கொண்டு போனால் முதல் பொலிஸ்காரனே வண்டியைப் பறித்துவிடுவான்.

பாரம் பிரிக்கிறதாம். பதினெட்டு வருடம் மன்னாரில் லொறி ஓட்டினவன் நான். இங்கே முதலாளி சின்யோரேயின் தோட்டத்தில் இருபது வருடமாய் மண்டரின் தோடம்பழப் பெட்டி ஏற்றி இறக்குகிறேன். கொழுக்கியை எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.

பெடியன் வேகமாகப் போனான். நான் பின்னால் காரில் வந்தேன், கண்ணால் பார்த்தேன். இந்த வருடம் குழு ஒரு இத்தாலிய ஓட்டுநரைப் பிடிக்கிறது. ஞானத்தகப்பன் என்ற முறையில் கிரிசாந் டோட்மூண்டில் நன்றாக இருக்கச் செபிக்கிறேன்.

இங்ஙனம்,
கொட்வின்
தலைவர், பெருநாள் குழு


பல்லாரோ
22.06.2025

கொட்வின் அண்ணைக்கு,

இங்ஙனமும் இத்தாலும் கச்சேரிக் கந்தோருக்கு எழுதுகிறவர்களுக்கு. எனக்கு வேண்டாம்.

மாதாவை இழுக்க இத்தாலியன்! எங்கள் சனத்துக்குள் பாரமான றெயிலர் இழுக்கிற பட்டேந்தே லைசென்ஸ் எடுத்தவன் என் மகன் ஒருவன்தான். வேலை முடிந்து வந்து, இத்தாலியப் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்து, முதல் தரமே பாஸ் பண்ணினவன். அவன் அதை எடுத்ததே கோவில் றெயிலருக்காக. அதற்குச் சோதனைக் காசு குழு தரட்டோ என்று கேட்டபோது, "மாதாவின்ரை வேலைக்கு வேண்டாம் மாமா" என்று உங்களிடம் சொன்னானே, அதையாவது ஞாபகம் வைத்திருக்கிறீர்களா?

நீங்கள் சம்மதம் தருவீர்கள் என்று நம்பி நான் இருக்கவில்லை. கொழுக்கி கனடாவிலிருந்து வந்துவிட்டது. நானும் என் கணவரும் அதை ஒரு தள்ளுவண்டியில் வைத்து மெக்கானிக்கோவிடம் கொண்டுபோனோம். கம்பிகளைப் பார்த்துவிட்டு அந்த மனிதன் ஆவே மரியா சொன்னான். பிறகு றெயிலரின் படங்களைக் கேட்டான். நாக்குப் பிறேக் விசயத்தில் நீங்கள் எழுதியதையே அவனும் சொன்னான். அந்த ஒன்றில் நீங்கள் சரி. எனக்கு எரிகிறது, ஆனால் சரி.

கொழுக்கி இப்போது என் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. கிரிசாந் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறான்.

ஆனால் மெக்கானிக்கோ வேறொரு கொழுக்கி காட்டினான். இங்கே கரவன்காரர் பாவிப்பதாம். பந்தை இரண்டு பக்கமும் கட்டை வைத்து இறுக்கிப் பிடிக்கும், அதனால் வால் ஆடுவது குறையும், நாக்குக்கும் இடைஞ்சல் இல்லை, லிப்ரெத்தோவுக்கும் பிரச்சினை இல்லை. அதைப் பூட்டலாம்தானே? அதற்கும் ஒரு நொட்டை சொல்லப் போகிறீர்களா?

அவன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். பாரத்தை றெயிலரில் எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று. அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, ஏற்றினவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்றைக்கு ஏற்றும்போது பக்கத்தில் நின்றது நீங்கள். உங்கள் லொறி மூளையால் சொல்லுங்கள். வேகம் என்ற பொய்யை விட்டுவிட்டு, உண்மையில் ஏன் அது ஆடியது?

புனிதமலர்


சியாகுல்லி
29.06.2025

திருமதி புனிதமலர் அவர்களுக்கு,

கேட்டுவிட்டீர்கள். பிறகு என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

எந்தக் கொழுக்கியும் உங்களுக்கு உதவாது. பாரம் பிரிக்கிற கொழுக்கி என்கிறீர்களே, பிரிப்பதற்கு முதலில் கொழுக்கியில் பாரம் இருக்க வேண்டும். றெயிலரின் மூக்கு, கொழுக்கியில் பூட்டுகிற நுனி, வானை எழுபது, எண்பது கிலோவுக்காவது அழுத்தி நிற்க வேண்டும். அப்போதுதான் வால் அடங்கிப் பின்னால் வரும். மூக்கு இலேசாகி, பாரம் வாலில் இருந்தால், ஒரு பஸ் பக்கத்தால் முந்தினாலே போதும், ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்கினால் கட்டை வைத்த கொழுக்கி என்ன, கர்த்தரே வந்து பிடித்தாலும் நிற்காது.

அன்று காலை சுருவத்தை ஏற்றி முடிய நான் பார்த்தேன். வானின் பின்பக்கம் தாழாமல் ஒரு சாண் எழும்பி நின்றது. மூக்கைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் தூக்கினேன் புனிதமலர், ஒரு கையால்! இவ்வளவு பெரிய றெயிலர், மீன் கூடை மாதிரி வந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். அதையும் சொல்கிறேன். முந்தின வருடங்களில் மாதா றெயிலரின் முன்பக்கம், தெருவைப் பார்த்து நின்றா. ஒரு வருடமும் ஆடவில்லை. போன வருடம் இருபத்தைந்தாவது பெருநாள் என்று சீமெந்தில் புதுப் பீடம் கட்டுவித்தது யார்? மாதா சபைத் தலைவி. பின்னால் கார்களில் செபமாலை சொல்லிக்கொண்டு வருகிற சனத்துக்கு மாதா முதுகு காட்டக் கூடாது, முகம் காட்டவேண்டும், அதனால் பீடத்தைக் கடைசி விளிம்பில் பின்பக்கம் பார்க்க வை என்று நின்று பிடித்தது யார்? மாதா சபைத் தலைவி. ஆறு ஆம்பிளைகள் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போய் வாலில் வைத்தார்கள். உங்கள் சொல்லுக்கு.

ஆகையால் இனி விமலராஜையும் மெக்கானிக்கோவையும் விட்டுவிடுங்கள். உங்கள் மகனின் பெயர் கெட்டது என் வாயால் அல்ல. கண்ணாடியைப் பாருங்கள்.

கொட்வின்


பல்லாரோ
06.07.2025

கொட்வின் அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் தேய்த்த சட்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்தேன். வேலை பார்க்கிற வீட்டுச் சின்யோரா எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

நீங்கள் சொல்லிவிட்டால் நான் நம்பிவிடுவேனா? புதன்கிழமை நீங்கள் தோட்டத்தில் இல்லாத நேரம் பார்த்து நானும் என் கணவர் கிறிகோரியும் கொட்டிலுக்கு வந்தோம். காவல்காரனுக்குச் சாப்பிட நாலு றோல்ஸ் கொடுத்தேன், விட்டான். வெறும் மண்டரின் பெட்டிகளில் கல்லை நிரப்பி, பீடம் நின்ற இடத்தில் அடுக்கினோம். மூக்குக்குக் கீழே வீட்டுத் தராசை வைத்தோம். முள் அசையவில்லை. இன்னும் இரண்டு பெட்டி வைக்க மூக்கு தானாக மேலே எழும்பியது. கிறிகோரி பயந்து தள்ளி நின்றார். பிறகு அதே பெட்டிகளை முன்னுக்குக் கொண்டுவந்தோம். தராசு முனகிக்கொண்டு இறங்கியது.

ஓம். நான்தான். மாதாவுக்கு மரியாதை என்று நினைத்து என் பிள்ளையை நானே அந்த இறக்கத்தில் அனுப்பினேன். இதை எழுதிய கையை அடுப்பில் வைக்க வேண்டும்போல இருக்கிறது. போதுமா உங்களுக்கு? நன்றாகச் சாப்பிடுவீர்கள் இன்றைக்கு.

இப்போது என் முறை.

ஒரு கையால் தூக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்றி முடிய, அன்று காலை, வான் வெளிக்கிட முதல். அதன் அர்த்தம் உங்களுக்கும் தெரியும். எனக்கு மூக்கும் தெரியாது, வாலும் தெரியாது. தெரியாமல் செய்தேன். நீங்கள் பதினெட்டு வருட லொறிக்காரன். தூக்கிப் பார்த்தீர்கள், தெரிந்துகொண்டீர்கள், வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினீர்கள். உங்கள் ஞானப்பிள்ளை ஸ்டியறிங்கில் இருந்தான். அடிபட்ட பிறகு, மாதாவின் கை தெருவில் கிடக்க, "பெடியனுக்குக் கால் பாரம்" என்று சொன்னீர்கள். அது பொய் என்று சொல்லும்போதே உங்களுக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு பூசை முடிய எழும்பி நின்று சொல்லுங்கள். என் பெயரையும் சொல்லுங்கள், நான் தலை குனிந்து நிற்கிறேன். ஆனால் உங்கள் பெயரையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் கடிதம் சுவாமியின் மேசைக்குப் போகும்.

புனிதமலர்


சியாகுல்லி
13.07.2025

புனிதமலருக்கு,

இன்றைக்குப் பூசைக்கு வருவதா விடுவதா என்று யோசித்து யோசித்து வரவில்லை. உடம்பு சரியில்லை என்று றம்யாவிடம் சொல்லி அனுப்புகிறேன், அது பொய் என்று உங்களுக்கு விளங்கும்.

என்னைக் கொலைகாரன்போல எழுதியிருக்கிறீர்கள். அன்று காலை நான் வாயைத் திறக்கவில்லையா? "பாரத்தைக் கொஞ்சம் முன்னுக்கு எடுப்பம்" என்று தொடங்கினேன். நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சனத்துக்கு மாதாவின்ரை முதுகைக் காட்டச் சொல்லுறியளோ? போன வருசம் உங்கடை மனிசிக்கு ஒப்பரேசன் சுகமாகினது ஆராலை?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டீர்கள். அதற்கு மேல் ஒருவன் என்ன கதைப்பான்? ஏற்றினவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. மெதுவாகப் போனால் தப்பிவிடும் என்று நினைத்தேன். நினைத்தது பிழைத்துவிட்டது.

அடிபட்ட நேரம் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. கார்களில் இருந்து பெண்கள் ஓடி வந்து தெருவில் முழந்தாளிட்டு அழுகிறார்கள். யார் ஏற்றினது, குழு என்ன செய்தது என்று கேட்கிறார்கள். என் வாயில் வந்தது அது. வந்த பிறகு விழுங்க முடியவில்லை.

இனி இரண்டு குடும்பமும் நாறாமல் ஒரு வழி சொல்கிறேன். கோபப்படாமல் வாசியுங்கள். பிழை கொழுக்கியில் என்று சொல்லுவோம். பழைய கொழுக்கி தேய்ந்திருந்தது, குழு கவனிக்கவில்லை, கிரிசாந்தில் ஒரு குற்றமும் இல்லை. நானே மைக்கில் அறிவிக்கிறேன். மெக்கானிக்கோ காட்டிய கட்டை வைத்த கொழுக்கியை வாங்கிப் பூட்டுவோம். பாரத்தைச் சத்தமில்லாமல் முன்னுக்கு எடுப்போம். கிரிசாந் ஓட்டட்டும். இத்தாலியனை நிறுத்திவிட்டேன். நீங்கள் முதல் கடிதத்தில் கேட்டதும் இதுதானே? கொழுக்கிக்கு மானமில்லை, அது ஒன்றும் சொல்லாது.

அந்தக் கடிதத்தைத் திருப்பித் தாருங்கள், பிள்ளை.

கொட்வின்


பல்லாரோ
20.07.2025

கொட்வின் அண்ணைக்கு,

பிள்ளையாம். ஒரு வருடத்துக்குப் பிறகு ஞாபகம் வந்திருக்கிறது.

உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், உங்கள் வழி எனக்கு இனித்தது. ஒரு முழு நாள் அதை மனதுக்குள் வைத்து உருட்டினேன். என் பிள்ளையின் பெயர் திரும்பி வரும், என் பெயரும் கெடாது, அவனும் போகமாட்டான். ஒரு இரும்புத் துண்டில் எல்லாவற்றையும் போட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை அவன் வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "தம்பி, கொழுக்கியிலைதான் பிழையாம். கொட்வின் மாமா மைக்கிலை சொல்லப்போறார். நீ இந்த வருசமும் ஓடு" என்றேன்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "கொழுக்கியிலை ஒரு பிழையும் இல்லை அம்மா" என்றான்.

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"தோட்டத்து வாசல் தாண்டேக்கையே தெரியும். பின்னாலை தூக்கித் தூக்கி அடிச்சது. முதல் பெற்றோல் செற்றிலை நிப்பாட்டி மாமாவுக்குப் போன் அடிச்சனான். பாரம் பின்னுக்கு நிக்குது மாமா, இறக்கி முன்னுக்கு வைப்பம் எண்டு கேட்டனான். பின்னாலை இத்தனை கார் நிக்குது, இனி இறக்கேலாது, மெல்லப் போ எண்டு சொன்னவர். நான் மெல்லத்தான் போனனான் அம்மா."

நான் கேட்டேன், இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, ஏன் ஒரு வருடம் அந்தப் பெயரைச் சுமந்தாய் என்று. அவன் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினான். முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னான். "சொன்னால் ஆர் பின்னுக்கு வைக்கச் சொன்னதெண்டு கேப்பினம். நீங்கள் கோவிலுக்குப் போகாமல் இருக்கமாட்டியள். நான் இருப்பன்."

அண்ணை, நான் அவனைப் பெற்றவள். பத்து மாதமாய் அவன் முகத்தைப் பார்த்து, "நீ வேகமாய்த்தான் போனனியோ, உண்மையைச் சொல்லு" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். உங்களை நான் திட்டியதெல்லாம் வெளியில். வீட்டுக்குள் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் வழி வேண்டாம். தொலைபேசி விசயத்தை நீங்கள் மூன்று கடிதத்திலும் மறைத்ததையும் கண்டுகொண்டேன். மைக்கை எனக்குத் தாருங்கள். வருகிற ஞாயிறு நானே எழும்பிச் சொல்கிறேன்.

புனிதமலர்


சியாகுல்லி
03.08.2025

புனிதமலருக்கு,

போன ஞாயிறு நீங்கள் சொன்னதை நான் கோவிலின் கடைசி வாங்கில் இருந்து கேட்டேன். பீடம், முகம், பின்பக்கம், கல் நிரப்பிய பெட்டி, தராசு, எல்லாம் சொன்னீர்கள். "என்ரை பிள்ளை ஒரு வருசம் எனக்காகப் பழி சுமந்தவன்" என்று சொல்லும்போது பெண்கள் எல்லாரும் அழுதார்கள். மாதா சபை இராசாத்தி அக்கா வந்து உங்களைக் கட்டிப்பிடித்தா. நான் வாங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது என் பெயர் வரும், இப்போது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நீங்கள் செபம் சொல்லிவிட்டுப் போய் இருந்துவிட்டீர்கள்.

ஏன் சொல்லவில்லை?

இரக்கப்பட்டு விட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களை எனக்குத் தெரியும். இது வேண்டுமென்று செய்தது. அதற்குப் பிறகு ஆர் ஆரோடு மெல்லமாய்க் கதைத்தாலும் என்னைப் பற்றித்தான் என்று படுகிறது. சுவாமி என்னைப் பார்த்துச் சிரித்தார், அதற்கு அர்த்தம் தேடி மண்டை வெடிக்கிறது. கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டீர்களா இல்லையா? அதையாவது சொல்லுங்கள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். இப்படி ஒரு மனிதனைத் தொங்க வைக்கிறது எந்த வேதத்தில் இருக்கிறது?

கொழுக்கியை வாங்கிப் பூட்டிவிட்டேன். கட்டை வைத்தது. லிப்ரெத்தோவும் சரி. பீடத்தைச் சில்லுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பார்த்தேன், மூக்கில் சரியாக எண்பது கிலோ. கிரிசாந்தைக் கேட்டுப் பாருங்கள், அவன் வந்து ஒருதரம் தோட்டத்துக்குள் ஓடிப் பார்க்கட்டும். அவனுக்கு நான் தொலைபேசி அடித்தேன், எடுக்கிறானில்லை. பெருநாளன்று அவன் இழுத்தால் நானும் முன்சீற்றில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து வருகிறேன். சனம் பார்க்கட்டும். அது போதாதா? மைக்கில் வேறு சொல்ல வேண்டுமா?

கொட்வின்


பல்லாரோ
10.08.2025

கொட்வினுக்கு,

உங்கள் கடிதம் என் பையில்தான் இருந்தது. சுவாமிக்குக் கொடுக்கவில்லை. இதோடு சேர்த்து றம்யாவிடம் திருப்பித் தந்திருக்கிறேன், பிரித்துப் பாருங்கள். இனி உங்களை நான் தொங்க வைக்கவில்லை.

உங்கள் பெயரைச் சொல்ல நான் கடதாசியில் எழுதித்தான் கொண்டுபோனேன். பெற்றோல் செற், தொலைபேசி, ஒரு கை, எல்லாம் வரிசையாக. வெளிக்கிடும்போது கிரிசாந் வாசலில் நின்று அந்தக் கடதாசியை வாங்கி வாசித்தான். வாசித்துவிட்டு, "மாமான்ரை பெயரை எடுங்கோ அம்மா. அவருக்கு இந்தக் கோவிலை விட்டால் வேறை என்ன இருக்கு?" என்றான். நான் எடுத்துவிட்டேன். அவனுக்காக. நீங்கள் அதற்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் அவனுக்குச் சொல்லுங்கள், ஆனால் அவன் உங்கள் தொலைபேசியை எடுக்கமாட்டான்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. பெருநாளன்று நற்கருணை எடுக்க முதல் மன்னிக்கத்தான் வேண்டும் என்று சுவாமி சொல்வார். அப்படியென்றால் இந்த வருடம் எடுக்கமாட்டேன்.

நான் மைக்கில் சொன்ன அந்த ஞாயிறு பூசை முடிய வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? கேக் கொண்டு வந்தார்கள். கைமுறிச்சான் என்று முதல் கூப்பிட்ட பெடியன்களே வந்து, "நீதான் இந்த வருசம் இழுக்கவேணும்" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவன் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. இனிப் போகமாட்டான் என்று நினைத்து, அவனுடைய பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு பெட்டியை அவன் வெளியே இழுத்தான். நான் சண்டை போட்டேன். பெயர் திரும்பி வந்துவிட்டதே, சனம் வாசலில் வந்து நிற்கிறதே, இன்னும் என்ன வெட்கம் என்று கேட்டேன்.

"வெட்கத்துக்காகப் போகேல்லை அம்மா" என்றான். "இஞ்சை இருந்தால் நான் எல்லாரையும் காப்பாத்திக்கொண்டெல்லோ இருக்கவேணும். உங்களையும், அவரையும். களைச்சுப்போனன்."

நாளை மறுநாள் காலை ஸ்தாசியோனே சென்ட்ராலே ஸ்ரேசனில் விமான நிலையத்து ரெயின் ஏறுகிறான். அங்கே வராதீர்கள். வந்தால் அவன் உங்களைக் கட்டிப்பிடிப்பான், உங்களுக்கு ஆறுதல் சொல்லுவான், நான் அதைப் பார்க்க வேண்டி வரும். கிறிகோரி நேற்றிலிருந்து அவனுடைய பழைய சப்பாத்துகளைத் துடைத்துத் துடைத்து வரிசையாக வைக்கிறார்.

நல்ல கொழுக்கிதான் வாங்கியிருக்கிறீர்கள். இழுக்கத்தான் ஆள் இல்லை. அந்த இத்தாலியனையே கூப்பிடுங்கள்.

புனிதமலர்